பிப்ரவரி 23 அன்று மேஜை ஏன் அமைதியானது? மத்ரித்துக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரிப்பும் வந்தது, என்னுடைய பழைய அவமானமும் ஞாபகத்துக்கு வந்தது. மத்ரித் வந்து இரண்டு மாதம், அலுவலகத்தில் மதியச் சாப்பாடு, அன்றைக்குப் பிப்ரவரி 23. யாரோ போனில் பழைய வீடியோ ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். மீசையும் விசித்திரமான கறுப்புத் தொப்பியுமாக ஒருவர் கையில் துப்பாக்கியோடு நாடாளுமன்ற மேடையில் நிற்கிறார். எல்லோரும் சிரிக்க, நீங்களும் "இவர் காமெடி நடிகரா?" என்று கேட்டுவிட்டீர்கள். அத்தோடு மேஜையே அமைதியாகிவிட்டது, மூத்த பெண்மணி ஒருவர் எழுந்தே போய்விட்டார். "நான் என்ன தப்பு செய்தேன், அவர் யார், இதைப் பற்றி இங்கே பேசலாமா கூடாதா அண்ணா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தப்பு பெரிதாக ஒன்றும் இல்லை. நமக்கு ராணுவம் என்றால் குடியரசு தின அணிவகுப்பு, ஊரில் மிலிட்டரி மாமா கொண்டுவரும் கேன்டீன் சாமான், அவ்வளவுதான். டாங்கி தெருவுக்கு வரும் என்ற பயம் நம் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. இங்கே ஐம்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் அப்படி ஒரு ராத்திரி உண்டு, 1981இல் ராணுவத்தவர் சிலர் ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்த ராத்திரி.

அந்த மீசைக்காரர் பெயர் அந்தோனியோ தெஹேரோ. குவார்டியா சிவிலில் லெப்டினன்ட் கர்னல். ஹைவேயில் உங்கள் காரை நிறுத்தி வேகத்துக்கு அபராதம் எழுதுகிறார்களே, அதே படைதான். 1844இல் தொடங்கியது, பாதி போலீஸ் பாதி ராணுவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொப்பி அவர்களுடைய பாரம்பரியத் தொப்பி, அதைப் பார்த்து நாம் சிரிக்கலாம், ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோ காலத்தில் கிராமத்தில் இருந்தவர்களுக்குச் சிரிப்பு வராது.

பின்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிராங்கோ 1975 நவம்பரில் இறந்தார், 1977 ஜூனில் தேர்தல், 1978 டிசம்பரில் புது அரசியல் சாசனம். 1981 என்பது அந்த ஜனநாயகத்துக்கு இரண்டு மூன்று வயது, நடை பழகும் குழந்தை. கம்யூனிஸ்ட் கட்சியைச் சட்டப்படி அனுமதித்தது ராணுவத்தில் பலருக்குப் பொறுக்கவில்லை. மாநிலங்களுக்குத் தன்னாட்சி கொடுப்பது நாட்டை உடைப்பது என்று நினைத்தார்கள். பாஸ்க் பகுதிக்குத் தனிநாடு கேட்ட எத்தா என்ற ஆயுத அமைப்பு 1980இல் மட்டும் தொண்ணூறு பேருக்கு மேல் கொன்றது, அதில் சீருடைக்காரர்கள் நிறைய. இதெல்லாம் சேர்ந்து புழுங்கிக்கொண்டிருந்தது. தெஹேரோவுக்கு இது முதல் முயற்சியும் இல்லை. 1978இல் மத்ரித்தில் கலாக்சியா என்ற காபிக்கடையில் உட்கார்ந்து, பிரதமர் இருக்கும் மொங்க்லோவா மாளிகையைப் பிடிப்பது என்று திட்டம் போட்டு மாட்டிக்கொண்டார். தண்டனை எவ்வளவு தெரியுமா? ஏழு மாதமும் ஒரு நாளும். பதவியும் போகவில்லை! எனக்கு இந்தக் கதையில் இன்றைக்கும் ஆத்திரம் வரும் இடம் இதுதான், அடுத்ததற்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி.

1981 ஜனவரி கடைசியில் பிரதமர் அதோல்ஃபோ சுவாரெஸ் ராஜினாமா செய்தார். பிப்ரவரி 23, திங்கட்கிழமை சாயங்காலம், புதுப் பிரதமராகக் கால்வோ சோதேலோவைத் தேர்ந்தெடுக்க உறுப்பினர்களைப் பெயர் பெயராகக் கூப்பிட்டு வாக்கு கேட்டுக்கொண்டிருந்தார்கள். சரியாக 6 மணி 23 நிமிடத்துக்குத் தெஹேரோ இருநூறு காவலர்கள் அளவில் கூட்டிக்கொண்டு உள்ளே நுழைந்து, மேடையேறி, "யாரும் அசையக் கூடாது" என்று கத்தினார். அந்த நேரம் பாதுகாப்பைக் கவனித்துக்கொண்டிருந்த துணைப் பிரதமர் குத்தியெரெஸ் மெயாதோ, 68 வயதுக்காரர், அவரே ஒரு ஜெனரல், எழுந்து போய், துப்பாக்கியைக் கீழே போடு என்று அவர்களுக்கே உத்தரவு போட்டார். அவரைப் பிடித்துக் கீழே தள்ளப் பார்த்தார் தெஹேரோ, முடியவில்லை. கூரையை நோக்கிச் சுட்டார்கள். மொத்தச் சபையும் இருக்கைக்கு அடியில் பதுங்கியது, மூன்று பேரைத் தவிர. நின்றுகொண்டிருந்த கிழ ஜெனரல், தன் இருக்கையில் அப்படியே உட்கார்ந்திருந்த சுவாரெஸ், எதிர்ப்பக்கம் கம்யூனிஸ்ட் தலைவர் சான்டியாகோ கரியோ. இதில் கவனியுங்கள், சுவாரெஸ் பிராங்கோவின் கட்சி இயந்திரத்திலேயே வளர்ந்தவர், கரியோ அதே பிராங்கோவுக்குப் பயந்து பல வருடம் வெளிநாட்டில் கிடந்தவர், உள்நாட்டுப் போரில் ஜெனரலும் கரியோவும் எதிரெதிர் அணி. அந்த மூன்று பேரும்தான் அன்றைக்குக் குனியாதவர்கள்.

உங்களுக்குக் காட்டிய வீடியோ இது முழுவதையும் காட்டும். ஆனால் அந்த ராத்திரி யாரும் அந்த வீடியோவைப் பார்க்கவில்லை, இதுதான் நமக்குப் புரியாமல் போகும் விஷயம். கேமரா சில நேரம் ஓடிக்கொண்டிருந்தது உண்மை, ஒளிபரப்பானது எல்லோரும் விடுதலையான பிறகு. அன்று இரவு ஜனங்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ரேடியோதான். வாக்கெடுப்பை நேரடியாகச் சொல்லிக்கொண்டிருந்த ரேடியோவில் திடீரென்று துப்பாக்கிச் சத்தம், அப்புறம் என்ன ஆனதென்று யாருக்கும் தெரியாது. அதனால் அதற்கு இங்கே 'டிரான்சிஸ்டர் இரவு' என்றே பெயர். நீங்கள் பார்த்தது நகைச்சுவை மாதிரி இருக்கும் முடிவு தெரிந்த படம், அவர்கள் கேட்டது முடிவு தெரியாத சத்தம்.

இனி என் அவமானம். வந்த முதல் வருடம், வேலைக்குப் போன இடத்தில் சமையலறைப் பையன்கள் ஒரு வசனம் கற்றுக்கொடுத்தார்கள், "சே சியென்தென், கோன்யோ!" துப்பாக்கி வெடித்த களேபரத்தில் சபையில் கேட்ட சத்தம் அது. "உட்காருங்கய்யா!" என்பதோடு ஒரு கெட்ட வார்த்தையும் சேர்ந்தது. (இலக்கணப்படி 'சியென்தென்சே' என்றுதான் வர வேண்டும், ஸ்பானிஷ் வகுப்புக்குப் போகிறீர்கள் என்றால் குறித்துக்கொள்ளுங்கள்.) இங்கே பாரில் நண்பர்களை உட்காரச் சொல்வதற்கு ஜாலியாகச் சொல்வார்கள். நானும் சரி என்று, வீட்டு ஓனர் சாப்பிடக் கூப்பிட்டிருந்தபோது, மேஜையைத் தட்டி அதே தோரணையில் சொன்னேன். அவர் பெண்டாட்டி சிரித்தார். ஓனர் முகம் சுண்டிப்போய்விட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு, இவர்கள் மணிக்கணக்கில் மேஜையை விட்டு எழாமல் பேசுவார்களே, அந்த நேரத்தில் மெதுவாக ஆரம்பித்தார்.

அப்போது அவருக்கு இருபது வயது. 'மிலி' என்ற கட்டாய ராணுவ சேவையில் வலென்சியா பக்கம் பேத்தெரா முகாமில் இருந்தார். (அந்தக் கட்டாய சேவை 2001 வரை இருந்தது, உங்கள் அலுவலக மூத்தவர்கள் பலரும் போயிருப்பார்கள்.) வலென்சியா வட்டாரத் தளபதி மிலான்ஸ் தெல் போஸ்க் அன்று சாயங்காலம் டாங்கிகளைத் தெருவுக்கு அனுப்பினார், ரேடியோவில் உத்தரவு வாசித்து, இரவு 9 மணியிலிருந்து ஊரடங்கு. இவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. பயிற்சி என்றுதான் ஏற்றினார்களாம், கொடுத்த குண்டு நிஜக் குண்டு என்று பார்த்ததும்தான் வயிற்றைக் கலக்கியதாம். சிவப்பு சிக்னலில் டாங்கி நிற்பதா வேண்டாமா என்று டிரைவர் பையன் கேட்டான் என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அப்புறம், "எதிரே கூட்டம் வந்து, சுடு என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது" என்றார். நான் அந்த வசனத்தை அதற்கப்புறம் சொன்னதில்லை.

மத்ரித்தில் மீதிக் கதை அபத்தமாகத்தான் போனது. அதிகாரமுள்ளவர் ஒருவர், ராணுவத்தவர்தான், சற்று நேரத்தில் வருவார் என்று சபையில் அறிவித்தார்கள். அவர் வரவேயில்லை. நடுராத்திரியில் ஜெனரல் அர்மாதா, முன்பு ராஜாவிடம் செயலாளராக இருந்தவர், ஒரு மந்திரிசபைப் பட்டியலோடு வந்தார். அதில் சோஷலிஸ்டுகள், கம்யூனிஸ்ட் என்று பெயர்களைக் கேட்டதும் தெஹேரோவுக்கு ரத்தம் கொதித்துவிட்டது, இதற்காகவா நான் உள்ளே வந்தேன் என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். கவிழ்க்க வந்தவர்களுக்குள்ளேயே ஆளுக்கொரு கனவு, யோசித்தால் அந்த ராத்திரி நாட்டைக் காப்பாற்றியதில் இதற்கும் பங்கு உண்டு. 1 மணி 14 நிமிடத்துக்கு ராஜா ஹுவான் கார்லோஸ் சீருடையில் டிவியில் வந்து அரசியல் சாசனத்தின் பக்கம் நிற்பதாகச் சொன்னார். காலையில் காவலர்கள் சிலர் நாடாளுமன்ற ஜன்னல் வழியாகக் குதித்து வெளியே வந்தார்கள். சரணடையும் நிபந்தனைகளை ஒரு வண்டியின் பானெட் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள், 'பானெட் ஒப்பந்தம்' என்றே பெயர். மதியம் எல்லோரும் விடுதலை. 27ஆம் தேதி எல்லாக் கட்சித் தலைவர்களும் ஒரே பேனருக்குப் பின்னால் நடந்தார்கள், மத்ரித்தில் பத்து லட்சத்துக்கு மேல் கூட்டம் என்கிறார்கள்.

தெஹேரோவுக்கு 30 வருடச் சிறைத் தண்டனை, 1996இல் வெளியே வந்தார். இதில் ஒரு கூத்து, 1982 தேர்தலில் அவர் பெயரில் ஒரு கட்சி நின்றது, நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு போனவரை ஓட்டுப் போட்டு அனுப்புங்கள் என்று! நாடு முழுக்க 28 ஆயிரம் சொச்சம் ஓட்டு. அதே தேர்தலில் பெலிப்பே கொன்சாலெஸின் சோஷலிஸ்டுகளுக்கு 202 இடம். 2019இல் பிராங்கோவின் உடலைப் பள்ளத்தாக்கு நினைவிடத்திலிருந்து எடுத்து வேறு கல்லறைக்கு மாற்றினபோது, அந்தக் கல்லறை வாசலில் தெஹேரோ நின்றார், மனிதர் மாறவேயில்லை. வந்திருந்த கூட்டம் அவருக்குக் கைதட்டியது. அந்தக் கைதட்டல் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அதுவும் இந்த ஊரில்தான் இருக்கிறது, தெரிந்துகொண்டு இருங்கள்.

ஆகவே பேசலாமா என்றால், தாராளமாகப் பேசலாம், தடை ஒன்றும் இல்லை, டிவியிலேயே வருடாவருடம் அலசுவார்கள். ராஜாவுக்கு முன்கூட்டியே தெரியுமா, வராமல் போன அந்த ராணுவத்தவர் யார் என்ற விவாதத்தில் மட்டும் மூக்கை நுழைக்காதீர்கள். அந்த ராஜா 2020இல் அபுதாபிக்குப் போனதற்குப் பிறகு அந்தப் பேச்சில் சூடு இன்னும் அதிகம், அண்ணன் தம்பியே சாப்பாட்டு மேஜையில் முறைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். தொப்பி ஜோக்கும் அவர்கள் சொன்னால் கேட்டுச் சிரியுங்கள், நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம்.

டிசம்பர் 6 அரசியல் சாசன நாளையொட்டி நாடாளுமன்றத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள், வரிசை நீளம், குளிரும், ஆனாலும் போங்கள், பாஸ்போர்ட்டோ குடியிருப்பு அட்டையோ கையில் இருக்கட்டும். உள்ளே போனதும் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள், கூரையில் குண்டுத் துளைகள் அப்படியே இருக்கும், வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறார்கள். நடுவில் கூரையைப் பழுதுபார்த்தபோது சிலவற்றைத் தெரியாமல் அடைத்துவிட்டார்கள் என்று பெரிய சத்தமே எழுந்தது.

எழுந்து போன அந்தப் பெண்மணியிடம் விளக்கமெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். ஒரு காபி வாங்கிக்கொடுத்து, "எங்கள் ஊரில் இப்படி நடந்ததில்லை, அதனால் தெரியாமல் சொல்லிவிட்டேன், அன்றைக்கு உங்கள் வீட்டில் ரேடியோ யார் கையில் இருந்தது?" என்று மட்டும் கேளுங்கள். அரை மணி நேரமாவது ஆகும், மதியம் மீட்டிங் இல்லாத நாளாகப் பார்த்துக் கேளுங்கள்.