வார்னிஷ் தடவலாம், பேக்கேஜ் வேண்டாம்

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது, எடை 16 கிலோ. மேல் முன்பற்களில் ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு மாதிரி தெரிகிறது. பல் மருத்துவரிடம் காட்டினோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃபுளோரைடு தடவ வேண்டும் என்றார். வெளியே வந்ததும் வரவேற்பில் இருந்தவர், மூன்று வருடத்துக்குச் சேர்த்துப் பணம் கட்டும் 'பாதுகாப்பு பேக்கேஜ்' ஒன்றைக் காட்டினார். இதற்கிடையில் பள்ளியிலிருந்து இலவச ஃபுளோரைடு முகாமுக்குச் சம்மதப் படிவம் வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். "தண்ணியிலேயே ஃபுளோரைடு இருக்கு, இன்னும் எதுக்கு அந்த விஷம்? விழப்போற பல்லுதானே?" என்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்: வார்னிஷ், அதாவது பல்லில் பூசினால் ஒட்டிக்கொள்ளும் ஃபுளோரைடு பூச்சு, தடவிக்கொள்ளுங்கள். மூன்று வருடப் பணத்தை இப்போதே கட்டாதீர்கள். பள்ளிப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன். மாமியார் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதியைத்தான் யாரும் ஒழுங்காக விளக்குவதில்லை.

முதலில் அந்த வெள்ளைக் கோடு. நல்ல வெளிச்சத்தில் குழந்தையை மடியில் படுக்கவைத்து, மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். சுத்தமான துணியால் பல்லைத் துடைத்து ஈரத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள், இன்னும் தெளிவாகத் தெரியும். ஈறின் வளைவை அப்படியே பின்பற்றி, சுண்ணாம்பு பூசியது போலப் பளபளப்பில்லாமல் பட்டையாக இருந்தால், பெரும்பாலும் அது சொத்தையின் ஆரம்பம். வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகின்றன. அந்த அமிலம் பல்லின் வெளி ஓடான எனாமலிலிருந்து கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கரைத்து எடுக்கிறது. உமிழ்நீர் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து படியவைக்கிறது. நாள் முழுக்க இந்த இழுபறி நடக்கிறது. இழப்பு அதிகமானால் முதலில் வெள்ளை, அப்புறம் பழுப்பு, அப்புறம் ஓட்டை.

ஃபுளோரைடின் வேலை இந்த இழுபறிக்குள்தான். பல்லின் மேற்பரப்பில் அது கொஞ்சம் இருந்தால், கரைந்துபோன தாது சீக்கிரம் திரும்பிப் படிகிறது. அப்படிப் படிவது முன்பைவிட அமிலத்துக்குக் கெட்டியாக நிற்கிறது. வெள்ளைக் கோட்டு நிலையில் இருக்கும் பல்லை இப்படி மீட்க முடியும். ஓட்டை விழுந்துவிட்டால் எத்தனை முறை வார்னிஷ் பூசினாலும் அது மூடாது. ஓட்டை விழுந்த பல்லின் மேலேயே மறுபடி மறுபடி வார்னிஷ் பூசி, "ட்ரீட்மெண்ட் நடந்துகொண்டிருக்கிறது" என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. அங்கே போகாதீர்கள்.

விழப்போகிற பல்தானே என்பதற்குச் சுருக்கமாக ஒரு பதில். முன்பற்கள் ஆறேழு வயதில் விழும். பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்கும். அவ்வளவு வருடம் வலியோடும் சீழோடும் எந்தக் குழந்தையும் சாப்பிடாது, தூங்காது. சீக்கிரமே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பல் சாய்ந்து வந்து, அடியில் காத்திருக்கும் நிரந்தரப் பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

விஷம் என்ற பயத்துக்கு வருவோம். இதை வாதாடித் தீர்ப்பதைவிடக் கணக்குப் போட்டுப் பார்ப்பது எளிது. வழக்கமாகத் தடவும் வார்னிஷில் 5% சோடியம் ஃபுளோரைடு இருக்கும். ஒரு மில்லியில் சுமார் 22.6 மி.கி. ஃபுளோரைடு. எல்லாப் பால் பற்களுக்கும் சேர்த்துக் கால் மில்லி போதும், அதாவது ஆறு மில்லிகிராமுக்கும் கீழே. உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அளவு என்று மருத்துவத்தில் வைத்திருப்பது, உடல் எடையில் கிலோவுக்கு 5 மி.கி. உங்கள் மகளின் 16 கிலோவுக்கு அது 80 மி.கி. பூசிய வார்னிஷ் மொத்தத்தையும் விழுங்கினாலும் அந்த அளவின் பக்கத்தில்கூடப் போகாது. அதுவும் எச்சில் பட்டதும் பல்லில் ஒட்டி இறுகிவிடும். விழுங்கும் கொஞ்சமும் பல மணி நேரத்தில் மெதுவாகத்தான் உள்ளே போகும்.

இதே கணக்கை ஜெல்லுக்குப் போடுங்கள். பள்ளிப் படிவத்தில் ஏன் கேள்வி கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். வாயில் தட்டு வைத்துப் போடும் ஃபுளோரைடு ஜெல்லில் மில்லிக்குச் சுமார் 12 மி.கி. இருக்கிறது. மேல் தட்டு, கீழ்த் தட்டு இரண்டிலும் சேர்த்துத் தாராளமாக ஐந்து மில்லி ஊற்றினால் 60 மி.கி.யைத் தாண்டும். நான்கு வயதுக் குழந்தைக்குச் சரியாகத் துப்பத் தெரியாது. பழச்சுவை வேறு போட்டிருப்பார்கள், விழுங்கத்தான் செய்யும். எச்சிலை உறிஞ்சி எடுக்கும் கருவி இல்லாமல், வகுப்பறை பெஞ்சில் வரிசையாக உட்காரவைத்து இதைச் செய்தால், சாயங்காலம் வயிற்றுவலியும் வாந்தியுமாகக் குழந்தை வீட்டுக்கு வரக்கூடும். ஆறு வயதுக்குக் கீழே வார்னிஷ் மட்டுமே என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. எனவே பள்ளியில் கேட்க வேண்டியது இதுதான்: "தடவப்போவது வார்னிஷா, தட்டில் வைக்கும் ஜெல் அல்லது நுரையா?" வார்னிஷ், தடவுவது பயிற்சி பெற்றவர் என்றால் கையெழுத்துப் போடுங்கள். பதில் சொல்பவருக்கே தெரியவில்லை என்றால் போடாதீர்கள். அங்கே தடவிக்கொண்டால் உங்கள் மருத்துவரிடம் தேதியோடு சொல்லிவிடுங்கள், அதே மாதத்தில் இன்னொரு முறை வேண்டியதில்லை.

முகாம்கள் எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் இலவச முகாமில் பத்து நொடி டார்ச் அடித்துப் பார்த்து, வகுப்பிலுள்ள பிள்ளைகளில் பாதிப் பேருக்கு 'உடனடி சிகிச்சை தேவை' என்று சீட்டு எழுதி, எல்லாரையும் ஒரே கிளினிக்குக்கு அனுப்பிவைக்கும் தரகு வேலையும் நடக்கிறது. அப்படிச் சீட்டு வந்தால் பதறாதீர்கள். அதை எடுத்துக்கொண்டு வேறு ஒரு பல் மருத்துவரிடம் போய், "எந்தப் பல், எந்தப் பக்கம், காட்டுங்கள்" என்று கேளுங்கள். கண்ணாடியில் காட்ட முடியாத ஓட்டைக்குப் பணம் கட்ட வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

பேக்கேஜ் கதையும் கிட்டத்தட்ட இதுதான். மருத்துவர் சொன்ன ஆறு மாத இடைவெளி சரியானது. சொத்தை வேகமாக வரும் குழந்தைக்கு மூன்று மாதம் என்றும் சொல்வார்கள், அதுவும் சரி. ஆனால் இடைவெளியை ஒவ்வொரு முறையும் பல்லைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அடுத்த வருடம் உங்கள் மகளின் பல் எப்படி இருக்கும் என்று வரவேற்பில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? தடவுவதற்கு ஆகும் நேரம் இரண்டு மூன்று நிமிடம், அவ்வப்போது கட்டினால் போதும். எனக்கு எரிச்சல் வருவது எங்கே என்றால், எங்கள் பல் மருத்துவத் துறையின் வரவு செலவே தலைகீழாக அமைந்திருக்கிறது. ஓட்டையை அடைத்தால் பணம், வேர் சிகிச்சை செய்தால் இன்னும் பணம், ஓட்டை விழாமல் பார்த்துக்கொண்டால் ஒன்றுமில்லை. தடுப்பூசி போட வரும் குழந்தைக்கு அங்கேயே பயிற்சி பெற்ற செவிலியர் வார்னிஷ் தடவிவிடலாம். சில நாடுகளில் அப்படிச் செய்கிறார்கள். ஓட்டை விழுந்த பால் பல்லில்கூட, வெள்ளி கலந்த ஃபுளோரைடு மருந்தைத் துளி வைத்துச் சொத்தையை நிறுத்த முடியும். அந்த இடம் கறுத்துப்போகும், அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் 2021இல் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. துளையிட வேண்டாம், ஊசி வேண்டாம். அதனாலேயோ என்னவோ, பல இடங்களில் அந்தப் பேச்சே எழுவதில்லை.

சரி, மாமியாரின் பாதி நியாயம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் இருக்கலாம் என்பது உண்மை. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், குழப்பம் எல்லாம் இங்கேதான். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மி.கி.க்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரைத் தினமும் குடித்தால், தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பற்களில் வெள்ளைத் திட்டு, முற்றினால் பழுப்புக் கறை வரும். நீண்ட காலம், மிக அதிக அளவில் போனால் எலும்பையும் பாதிக்கும். அமெரிக்காவின் கொலராடோ பகுதியில் இப்படிக் கறை படிந்த பற்களை ஆராயப் போய்த்தான், அந்தப் பற்களில் சொத்தை குறைவு என்று கவனித்தார்கள். காரணம் தண்ணீரிலுள்ள ஃபுளோரைடு என்பது 1931இல் தெரியவந்தது. நன்மையும் கெடுதலும் ஒரே பொருளில் இருப்பதை அன்றைக்கே பார்த்துவிட்டார்கள்.

அப்படியானால் உங்கள் வீட்டில் வார்னிஷ் கூடாதா? கூடும். உங்கள் தண்ணீரில் லிட்டருக்கு 2 மி.கி. இருக்கிறது, குழந்தை தினம் ஒரு லிட்டர் உள்ளே எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 730 மி.கி. வருடத்தில் இரண்டு முறை தடவும் வார்னிஷ், முழுவதையும் விழுங்கினாலும், 12 மி.கி.க்குள். கறை வரவைப்பது தினசரி உள்ளே போகும் தண்ணீர். அதை விட்டுவிட்டு வார்னிஷை நிறுத்துவதில் பயனில்லை. நிறுத்த வேண்டியவை வேறு: ஃபுளோரைடு மாத்திரை, சொட்டு மருந்து எதுவும் உங்கள் வீட்டுக்கு வேண்டாம், யார் எழுதிக் கொடுத்தாலும்.

முதல் வேலையாகத் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்து, ஃபுளோரைடு அளவு என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். வடிகட்டிக் கருவி விற்க வருபவர் ஒரு மீட்டரைத் தண்ணீரில் முக்கி, எண்ணைக் காட்டிப் பயமுறுத்துவார். அது கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு. அதில் ஃபுளோரைடு எவ்வளவு என்று அந்த மீட்டருக்குத் தெரியாது. காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகும். ஆர்.ஓ. கருவி பெரும்பகுதியை எடுத்துவிடும், ஆனால் வடிகட்டிய தண்ணீரையும் ஒருமுறை ஆய்வுக்குக் கொடுத்தால்தான் கருவி வேலை செய்கிறதா என்பது தெரியும். சமையலுக்கும் அதே தண்ணீர்தான் வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் மகளின் கோடு ஃபுளோரைடு கறையாக இருக்குமோ என்ற சந்தேகம் வரலாம். அந்தக் கறை பல் முளைக்கும்போதே இருக்கும். வலது இடது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, பல்லின் குறுக்கே மெல்லிய கீற்றுகளாகவோ மேகம் போலவோ பரவியிருக்கும். பால் பற்களில் அது குறைவு. பிறகு வந்தது, ஈறை ஒட்டியது, மேலே அழுக்குப் படிவு இருப்பது என்றால் சொத்தைப் பக்கம்தான். பார்த்த மருத்துவரிடம் இந்த ஒரு கேள்வியை நேராகக் கேட்டுவிடுங்கள்.

வார்னிஷைப் பற்றி இவ்வளவு பேசினாலும், அது பற்பசைக்குத் துணை மட்டுமே. மருத்துவ ஆய்வுகளை அலசும் காக்ரேன் அமைப்பு 2013இல் வார்னிஷ் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வார்னிஷ் தடவிய குழந்தைகளின் பால் பற்களில் சொத்தை சராசரியாக 37% குறைந்திருந்தது. நல்ல எண்தான், ஆனால் மீதியை யார் பார்ப்பது? தினம் இரண்டு முறை துலக்குவதுதான். குழந்தைகளுக்கென்று பொம்மை போட்டு விற்கும் பல பற்பசைகளில் ஃபுளோரைடு 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) அல்லது சுத்தமாக இல்லை. குறைந்தது 1000 பிபிஎம் வேண்டும். அந்த எண்ணை டியூபின் மடிப்புக்குப் பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் அளவில் அச்சடித்திருப்பார்கள். தேடிப் பாருங்கள், இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள். விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்குவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு, அதற்கு மேல் ஆறு வயது வரை பட்டாணி அளவு. தண்ணீர்ச் சோதனை முடிவு வரும்வரை உங்கள் மகளுக்கு அரிசி மணி அளவே இருக்கட்டும். நீங்கள் துலக்கிவிடுங்கள், துப்பச் சொல்லுங்கள், வாய் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்கவிடாதீர்கள். டியூபைக் கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள்: 1000 பிபிஎம் உள்ள 100 கிராம் டியூப் ஒன்றில் 100 மி.கி. ஃபுளோரைடு இருக்கிறது. மேலே சொன்ன 80 மி.கி. ஞாபகம் இருக்கட்டும்.

வார்னிஷ் தடவும் நாளில் குழந்தை சாப்பிட்டுவிட்டுப் போகலாம். வாயில் புண் இருந்தால் ஆறிய பிறகு போங்கள். வார்னிஷில் மரப்பிசின் கலந்திருக்கும், பிளாஸ்திரி ஒட்டினால் தடித்துப்போகும் குழந்தை என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் சில மணி நேரம் சூடானது, கடிக்கக் கடினமானது வேண்டாம். அன்றிரவு பிரஷுக்கு விடுமுறை, மறுநாள் காலை துலக்கினால் போதும். பல் ஒருநாள் மஞ்சளாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், துலக்கினால் போய்விடும்.

இன்னும் இரண்டு வருடத்தில், எந்தப் பல்லும் விழாமலேயே, வரிசையின் கடைசியில் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கும். பல பெற்றோர் அதைப் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். அதன் மேலுள்ள ஆழமான குழிகளில் வார்னிஷின் பலன் குறைவு, அங்கே குழியை மூடும் பூச்சு வேறு இருக்கிறது. ஆறு வயது நெருங்கும்போது கடைசிப் பல்லைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.