‘அபாயங்கள் சமநிலையில்’ என்றால் இஎம்ஐ ஏறாதா?

கேள்வி: மாறும் வட்டியில் 30 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன், 20 ஆண்டுகளுக்கு வாங்கப்போகிறேன். பணவீக்க அபாயங்கள் சமநிலையில் இருப்பதாக ரிசர்வ் வங்கி சொன்னதாகச் செய்தியில் படித்தேன். வட்டி இப்போதைக்கு ஏறாது என்று நம்பலாமா?

பதில்: அந்த வாக்கியத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள். பணவீக்கம் கணிப்பைவிடக் கூடவும் குறையவும் ஏறக்குறைய ஒரே அளவு வாய்ப்பு இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். எவ்வளவு தூரம் விலகிப்போகும் என்று அது சொல்வதில்லை. பணவீக்கம் எகிறினால் ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றும் என்பதால், கடன் வாங்குபவருக்கு முக்கியம் அந்தத் தூரம்தான்.

2022 பிப்ரவரி 10-ஐ நினைத்துப் பாருங்கள். 2022-23க்கான பணவீக்கம் 4.5 சதவீதம், அபாயங்கள் பெரும்பாலும் சமநிலையில் என்றது, வட்டியை முடிவுசெய்யும் ரிசர்வ் வங்கியின் பணக்கொள்கைக் குழு. இரண்டே வாரத்தில் உக்ரைன் போர் வெடித்தது. கச்சா எண்ணெயும் சமையல் எண்ணெயும் எகிறின. மே 4 அன்று, அட்டவணையில் இல்லாத கூட்டத்தைக் கூட்டி ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டியை, 4-லிருந்து 4.4 சதவீதமாக்கினார்கள். அடுத்த பிப்ரவரியில் அது 6.5. 2022-23இன் சராசரிப் பணவீக்கம் 6.7 சதவீதம். இதைக் குழுவின் குற்றமாக நான் பார்க்கவில்லை. போரை எந்தக் கணக்கும் முன்கூட்டிச் சொல்லாது.

இந்த நிச்சயமின்மையை ரிசர்வ் வங்கி மறைப்பதும் இல்லை. ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் வரும் பணக்கொள்கை அறிக்கையில் விசிறிபோல விரியும் வரைபடம் ஒன்று இருக்கும். நடுவில் கணிப்புக் கோடு. சுற்றிலும் 50, 70, 90 சதவீத வாய்ப்புள்ள பட்டைகள். காலம் தள்ளிப் போகப் போக விசிறி அகலும். கச்சா எண்ணெய் விலை அனுமானத்தைவிட 10 சதவீதம் ஏறினால் என்ன, ரூபாய் மதிப்பு 5 சதவீதம் சரிந்தால் என்ன என்றும் கணக்குப் போட்டிருப்பார்கள். செய்திகளில் நடுக்கோட்டு எண் மட்டும்தான் வருகிறது. நீங்கள் விசிறியின் அகலத்தைப் பாருங்கள்.

அதே சோதனையை உங்கள் வீட்டுக் கணக்கிலும் செய்யுங்கள். 30 லட்சத்துக்கு 8 சதவீத வட்டியில் இஎம்ஐ சுமார் 25,100 ரூபாய். 2022-23இல் போலவே 2.5 புள்ளி கூடி 10.5 ஆனால் சுமார் 29,950. மாதம் ஏறக்குறைய 4,850 ரூபாய் கூடுதல். பள்ளிக் கட்டணம் கட்டும் மாதத்திலும் அதைத் தாங்க முடியுமென்றால் மாறும் வட்டியில் வாங்குங்கள். முடியாதென்றால் கடன் தொகையை இப்போதே குறையுங்கள்.

வட்டி ஏறும்போது பல வங்கிகள் தவணையைத் தொடாமல் கடன் காலத்தை நீட்டிவிடும். ரிசர்வ் வங்கியின் 2023 ஆகஸ்ட் சுற்றறிக்கைப்படி, தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. முடிந்தால் தவணையைக் கூட்டச் சொல்லுங்கள். மொத்தத்தில் கட்டும் வட்டி கணிசமாகக் குறையும்.