ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் காட்டில் நூற்றைம்பது இளையோர் முகாமிட இடம் பார்ப்பது எப்படி?

தமிழ் இளையோர் நூற்றைம்பது பேரை விடுமுறையில் மூன்று இரவு காட்டில் தங்கவைக்க வேண்டும், மெல்பர்னிலிருந்து பஸ் போகும் தூரத்தில் எப்படி இடம் தேர்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் சங்கத்தின் முகாம்களுக்கு இடம் பார்க்கும் வேலை பல ஆண்டுகளாக என் தலையில் விழுந்திருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் பாதையைப் பாருங்கள். ஆறும் மரங்களும் பிறகு. ஒரு குடும்பம் போய்த் தங்க எந்த மண்தடமும் போதும். நூற்றைம்பது பேர் என்றால் மூன்று பெரிய பஸ், தண்ணீர் லாரி, வாடகைக் கழிப்பறைகளை இறக்கும் லாரி, நடுவில் அவற்றின் தொட்டியை உறிஞ்சிக் காலி செய்யும் வண்டி, தேவைப்பட்டால் ஆம்புலன்ஸ், இத்தனையும் உள்ளே வந்து திரும்பிப் போக வேண்டும். காட்டுத்தீ அபாயப் பகுதியில் வீடு கட்டுவோரிடம் விக்டோரியாவின் விதிகள் தீயணைப்பு வண்டிக்காகக் கேட்கும் அளவு ஒன்று உண்டு: 3.5 மீட்டர் அகலம், தலைக்கு மேல் 4 மீட்டர் இடைவெளி, 15 டன் தாங்கும் தரை. முகாமுக்கு அது சட்டமல்ல. ஆனாலும் நான் அந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு அளவுநாடாவோடுதான் போகிறேன். வெளியேறும் வழி ஒன்றுதான் என்றால், இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வண்டியைத் திருப்பிவிடுவேன்.

தண்ணீரையும் இதே கணக்கில் பாருங்கள். பேரிடர் முகாம்களுக்கான ஸ்பியர் அளவுகோல் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்கிறது. (நம்மில் சிலருக்கு அகதி முகாமின் தண்ணீர் வரிசை சொந்த அனுபவம், அவர்களிடம் இதை விளக்க வேண்டியதில்லை.) அதன்படி 150 பேருக்கு ஒரு நாளைக்கு 2,250 லிட்டர், நான்கு நாளைக்கு 9,000 லிட்டர், அதாவது ஒன்பது டன். மழை பெய்தால் களியாகும் தடத்தில் ஒன்பது டன்னை எப்படிக் கொண்டுபோவீர்கள்? அதே அளவுகோல் இருபது பேருக்கு ஒரு கழிப்பறை என்கிறது, நமக்கு எட்டு. பெண்பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒதுக்குங்கள். குழி வெட்டிச் சமாளிக்கலாம் என்று குழுவில் யாராவது நிச்சயம் சொல்வார். இந்த எண்ணிக்கைக்கு அது வேண்டாம். முர்ரே ஆற்றங்கரை போன்ற இடங்களில் பழங்குடியினர் தின்று போட்ட சிப்பி ஓடுகள் குவிந்த மேடுகளும், அவர்கள் பட்டை உரித்த வடு மாறாத பழைய மரங்களும் இருக்கின்றன. 2006ஆம் ஆண்டுப் பழங்குடி மரபுரிமைச் சட்டம் அவற்றைப் பாதுகாக்கிறது. கண்ட இடத்தில் மண்வெட்டியைப் போடக்கூடாது.

அடுத்து, தலைக்கு மேலே பாருங்கள். வேப்பமர நிழலில் பாய் விரித்து வளர்ந்த நமக்கு நிழலைக் கண்டதும் கால் நின்றுவிடும். ஆற்றோரம் நிற்கும் ரிவர் ரெட் கம் என்ற யூகலிப்டஸ், காற்றே இல்லாத வெயில் பிற்பகலிலும் முன்னறிவிப்பின்றிப் பெரிய கிளையை உதிர்க்கும். கூடாரத்தின் மேல் விழுந்தால் உயிர் போகும். தரையில் தடித்த கிளைகள் கிடக்கின்றனவா, உச்சி பட்டுப்போயிருக்கிறதா, அடிமரத்தில் பொந்தோ காளானோ தெரிகிறதா என்று பாருங்கள். பச்சையாக நிற்கும் மரத்தையும் நம்பவேண்டாம். பக்கத்து மரத்தின் உயரத்தைவிட அதிக தூரம் தள்ளியே கூடாரம் போடவேண்டும். அப்படிப் பார்த்தால் நூற்றைம்பது பேருக்குக் காட்டின் நடுவில் இடமே கிடைக்காது. காட்டின் ஓரத்துப் புல்வெளிதான் கிடைக்கும். நிழலுக்குத் துணிப்பந்தல் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு முறை குழுவில் பெரும்பாலோர் முர்ரே ஆற்றோரத்துப் பார்மா காட்டுப் பக்கம் ஆற்று வளைவொன்றைக் கேட்டார்கள். மணல்கரை, பெரிய மரங்கள், சூரியன் மறைவது நேர் எதிரே. படம் எடுத்து அனுப்பினால் யாரும் மறுக்க மாட்டார்கள். அங்கே மரத்தண்டுகளில் என் தோளுக்கு மேல் வெள்ளக்கோடு தெரிந்தது, கிளைகளில் சருகு சிக்கியிருந்தது. 2022 அக்டோபர் வெள்ளத்தில் அதே ஆற்றங்கரையின் எச்சூக்கா ஊர் பட்ட பாடு நினைவிருக்கும். அமைதியாகத் தெரியும் அந்த ஆற்றின் அடியில் மூழ்கிய மரங்கள் கிடக்கின்றன. இந்த நாட்டில் ஆளைக் காவு கொள்ளும் ஆறுகளில் முர்ரே முன்வரிசையில் நிற்கிறது. நம் பிள்ளைகளில் நீந்தத் தெரியாதவர்கள் எத்தனை பேர் என்பதையும் யோசியுங்கள். கடைசியில் ஒரு பண்ணைக்காரரின் மேய்ச்சல் நிலத்தைத்தான் எடுத்தோம். பின்னால் காடு, முன்னால் சரளைச் சாலை. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று முணுமுணுத்தவர்கள் இரவில் நட்சத்திரங்களைப் பார்த்ததும் அடங்கிவிட்டார்கள்.

தீயைப் பற்றி. 2009 பிப்ரவரி 7 அன்று மூண்ட காட்டுத்தீயில் இந்த மாநிலத்தில் 173 பேர் இறந்தார்கள். இங்கே யாரும் தீயை இலேசாகப் பேசுவதில்லை. சரிவு 10 பாகை கூடினால் மேல்நோக்கி ஓடும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். எனவே மரங்கள் அடர்ந்த சரிவுக்கு மேலே, மலைமுகட்டில், காட்சிக்காக முகாம் போடாதீர்கள். முழுத் தீத்தடை அறிவித்த நாளில் விறகும் கரியும் கிடையாது. சமையல் திட்டத்தை அதற்கேற்ப வையுங்கள். 2022 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள நான்கு நிலைத் தீ அபாயக் கணக்கில் உச்ச நிலை அறிவித்தால் அப்பகுதிப் பூங்காக்களையே மூடிவிடுவார்கள். ஆகவே பக்கத்து ஊரில் ஒரு மண்டபத்தையோ பள்ளியையோ முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். அந்த ஊரே இல்லாத இடம் நமக்கு ஏற்றதல்ல.

மாதம் எது என்பதும் இடத்தை முடிவு செய்யும். அரசுக் காடுகளில் பல தடங்களை ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் இறுதிவரை மூடிவிடுகிறார்கள். கோடையில் தீ. எனக்குப் பிடித்தது ஏப்ரல், மே. பள்ளத்தாக்கின் அடியில் அப்போது இரவுக்குளிர் தேங்கும். சற்று மேட்டில் போடுங்கள். அரசுக் காட்டையே எடுப்பதென்றால், கிழக்கு விக்டோரியாவின் பல பகுதிகளில் சாம்பர் மான் வேட்டைக்கு ஆண்டு முழுவதும் அனுமதி உண்டு என்பதைப் பெற்றோர் கேட்பதற்கு முன்பே நீங்கள் விசாரித்துவிடுங்கள்.

தொலைபேசியில் சமிக்ஞை இருக்கிறதா என்று வாசலில் நின்று பார்த்தால் போதாது. கூடாரம் வரும் இடத்தில், சமையல் நடக்கும் இடத்தில், பிள்ளைகள் நடக்கப்போகும் தடத்தில் எல்லாம் பாருங்கள். இல்லையென்றால் செயற்கைக்கோள் தொலைபேசி வாடகைக்கு எடுங்கள். பூங்காக்களில் மூன்று எழுத்தும் மூன்று எண்ணும் கொண்ட பச்சை அவசர அடையாளப் பலகைகள் நிற்கும். மிக அருகில் இருப்பதன் குறியீட்டை எழுதி வைத்தால், அவசர உதவி எண்ணான 000ஐ அழைக்கும்போது ‘பெரிய மரத்துக்குப் பக்கத்தில்’ என்று வழி சொல்லித் தவிக்க வேண்டாம். பாம்புக்கடிக்கு இறுக்கிச் சுற்றும் அழுத்தக்கட்டுத் துணி போதிய அளவு இருக்கட்டும். உயர்ந்த புல்லை வெட்டித் தருவாரா என்று நிலக்காரரிடம் அப்போதே கேளுங்கள்.

முடிந்தால் இரண்டாம் முறை நல்ல மழைக்கு மறுநாள் போங்கள். கூடவே பஸ் ஓட்டுநர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். எங்கள் குழுவில் அத்தனை பேரும் தலையாட்டிய ஒரு திருப்பத்தைப் பார்த்து, ‘இதில் நான் வண்டியை விடமாட்டேன் அண்ணா’ என்று ஒரே வார்த்தையில் முடித்தவர் அவர்தான். அனுமதிக் கடிதம், காப்புறுதி பற்றிய விவரம் வேண்டுமென்றால் எந்தப் பகுதியைப் பார்க்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். தேசியப் பூங்கா, அரசுக் காடு, தனியார் நிலம் மூன்றுக்கும் நடைமுறை வேறு வேறு.