மாமா சொல்றாருன்னு டேட்டா சயின்ஸ் சீட்டுக்கு காசு கட்டிடாதீங்க

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு அப்பா, அம்மா, ஸ்கூல் முடிச்ச அவங்க பொண்ணு மூணு பேரும் என்கிட்ட வந்தாங்க. அப்பா கையில ஒரு ஃபைல், அதுல நாலு காலேஜோட ஃபீஸ் விவரம், நாலுமே ஏஐ-டேட்டா சயின்ஸ் கோர்ஸ். பொண்ணு ஒரு மணி நேரத்துல ரெண்டே தடவைதான் வாயத் திறந்துச்சு, ரெண்டு தடவையும் சொன்னது "பார்ட்டிகிள் பிசிக்ஸ்", அதாவது அணுவை விட சின்ன துகள்களைப் பத்தின படிப்பு. ரெண்டு தடவையும் போன் ஸ்பீக்கர்ல இருந்த மாமா குறுக்க பேசிட்டாரு, பிசிக்ஸ் படிச்சா டியூஷன்தான் எடுக்கணும்னு.

நான் ஆறுதலா, ரெண்டுமே நல்ல படிப்புதான், நிதானமா யோசிங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன். வீட்டுக்கு வந்தப்புறம் மனசு கேக்கல. அது பதிலே இல்ல. அதனால சார், உங்களுக்கு நேராவே எழுதுறேன், இதே குழப்பத்துல இருக்குற மத்த பெத்தவங்களும் படிக்கட்டும்.

அந்த நாலு கோர்ஸும் வேணாம். அந்த ஃபீஸுக்கு வேணாம், இந்தப் பொண்ணுக்கு வேணவே வேணாம். டேட்டா சயின்ஸ்ங்கறது ஒரு கருவிப்பெட்டி சார், கருவி மாறிக்கிட்டே இருக்கும், இன்னைக்கு சொல்லித்தர்ற லைப்ரரி (ரெடிமேட் கோடு தொகுப்பு) இவ டிகிரி வாங்குறப்ப பழசாயிருக்கும். மாறாம நிக்கிறது கணக்கு, புள்ளியியல், அப்புறம் "இந்த நம்பரை நம்பலாமா"ன்னு தன்னையே கேட்டுக்குற பழக்கம். அந்தப் பழக்கத்தை எக்ஸ்பெரிமென்டல் பார்ட்டிகிள் பிசிக்ஸ் அளவுக்கு கறாரா ஊட்டுற இடங்க ரொம்ப கம்மி. மெடிசின், இன்ஜினியரிங், காமர்ஸ் பத்தியெல்லாம் நான் எழுதப்போறதில்ல, அதை சொல்ல உங்க வீட்டுலயே ஆள் இருக்காங்க. யாரும் சொல்லாததை மட்டும் சொல்றேன்.

ஜெனீவா பக்கத்துல செர்ன்னு ஒரு பெரிய பார்ட்டிகிள் பிசிக்ஸ் ஆய்வகம், அங்க பூமிக்குள்ள கிட்டத்தட்ட 100 மீட்டர் ஆழத்துல 27 கிலோமீட்டர் சுத்தளவுக்கு ஒரு வளையம் இருக்கு, அதுல புரோட்டான் கத்தைங்க ஒரு செகண்டுக்கு 4 கோடி தடவை ஒண்ணை ஒண்ணு கடக்குது. அத்தனையும் சேமிக்க உலகத்துல எந்த கம்ப்யூட்டராலயும் முடியாது. அதனால ஒவ்வொரு தடவையும் இது வேணும், இது வேணாம்னு முதல் கட்டமா சில மைக்ரோ செகண்டுல முடிவெடுக்குற ஒரு அமைப்பு வச்சிருக்காங்க, அதுக்கு டிரிக்கர்னு பேரு. கடைசியில டிஸ்க்குக்கு போறது செகண்டுக்கு ஆயிரக்கணக்குலதான், மீதியெல்லாம் போனது போனதுதான், திரும்ப கிடைக்காது. இந்த டிரிக்கர்ல வேலை பாக்குற ஒரு பிஎச்டி ஸ்டூடன்ட் என்ன கத்துக்குறாங்கன்னு பாருங்க: வேகமா ஓடுற கோடு எழுதணும், எதைத் தூக்கிப்போட்டா என்ன நஷ்டம்னு கணக்கு போடணும், தப்பா தூக்கிப்போட்டா அதை மூவாயிரம் விஞ்ஞானிங்க முன்னாடி ஒத்துக்கணும். டேட்டா சயின்ஸ்னு நீங்க காசு கொடுத்து வாங்க நினைக்கிற வேலையேதான் இதுவும், இங்க அது பாடமா இல்லாம நிஜ வேலையா நடக்குது.

இன்னொண்ணு, பெரிய கம்பெனிகள்லகூட அவ்வளவு சுலபமா கிடைக்காத பயிற்சி. 2015 டிசம்பர்ல அந்த வளையத்துல வேலை பாக்குற அட்லஸ், சி.எம்.எஸ்-னு ரெண்டு குழுவும் வரைபடத்துல 750 ஜி.இ.வி (துகளோட நிறையை அளக்குற அலகு) கிட்ட ஒரு சின்ன மேடு தெரியுதுன்னு சொன்னாங்க. புதுத் துகள்தான்னு நம்பி தியரிக்காரங்க நூத்துக்கணக்குல பேப்பர் எழுதிட்டாங்க. 2016 ஆகஸ்ட்ல கூடுதல் டேட்டா வந்துச்சு, மேடு காணாம போச்சு. ஆனா அந்த ரெண்டு குழுவுல ஒருத்தரும் "கண்டுபிடிச்சிட்டோம்"னு சொல்லல, ஏன்னா அவங்க கண்டுபிடிப்புன்னு சொல்ல 5 சிக்மா வேணும், அதாவது நிஜத்துல ஒண்ணுமே இல்லாம தற்செயலா அப்படி ஒரு மேடு தெரிய 35 லட்சத்துல ஒரு வாய்ப்புதான் இருக்கணும். 2012 ஜூலை 4-ம் தேதி ஹிக்ஸ்ங்கற துகளை அறிவிச்சது அந்த எல்லையைத் தொட்டதுக்கு அப்புறம்தான். அதுபோக பல அனாலிசிஸ்ல விடை இருக்குற பகுதியை மூடி வச்சிட்டுத்தான் முறையையே எழுதுவாங்க, முறை முடிவானப்புறம்தான் திறந்து பாப்பாங்க, இல்லன்னா நம்ம ஆசை கணக்குக்குள்ள புகுந்துடும். இப்படி அஞ்சு வருஷம் பழகின ஒரு ஆளு பேங்க்லயோ ஆஸ்பத்திரி டேட்டாவுலயோ போய் உக்காந்தா எப்படி வேலை பாப்பாங்கன்னு மாமாவையே யோசிக்கச் சொல்லுங்க.

மாமா இன்டர்வியூல எக்ஸ்ஜிபூஸ்ட் பத்தி கேப்பாங்கன்னு சொன்னாருல்ல. டேட்டாவை வச்சு கணிக்குற அந்த மென்பொருள் வெளி உலகத்துல பேர் வாங்கினதே 2014-ல காகிள்ங்கற டேட்டா போட்டித் தளத்துல நடந்த ஹிக்ஸ் போட்டியிலதான். அட்லஸ் குழு சிமுலேஷன் டேட்டாவை வெளியில கொடுத்து, இதுல ஹிக்ஸை பிரிச்சு காட்டுங்கன்னு கேட்ட போட்டி அது. வெப்-ம் அதே செர்ன்ல 1989-ல டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிக்கொடுத்த ஒரு திட்டத்துல ஆரம்பிச்சதுதான்.

இப்ப கஷ்டத்தையும் சொல்லிடுறேன், மறைச்சா அது துரோகம். இந்தத் துறையில நிரந்தர ஆராய்ச்சி வேலை ரொம்ப கம்மி. பிஎச்டி நாலுல இருந்து ஆறு வருஷம், அப்புறம் போஸ்ட்டாக்னு ரெண்டு மூணு வருஷ தற்காலிக ஆராய்ச்சி வேலை, அது முடிஞ்சா வேற நாட்டுல இன்னொண்ணு, முப்பத்தஞ்சு வயசுலயும் அடுத்த வருஷம் எந்த ஊருன்னு தெரியாம இருக்குறவங்க நிறைய பேரு. 1993-ல அமெரிக்காவுல டெக்சாஸ்ல 87 கிலோமீட்டர் வளையம் தோண்டிக்கிட்டு இருந்தப்பவே அரசு அந்த திட்டத்தை நிறுத்திட்டாங்க, அதை நம்பி இருந்தவங்க பல பேரு பங்குச்சந்தை கம்பெனிங்களுக்கு கணக்கு போடப் போயிட்டாங்க. அதனால பேராசிரியர் ஆகலன்னா வாழ்க்கை போச்சுன்னு நினைக்கிற பிள்ளையை நான் இதுல அனுப்ப மாட்டேன். வெளிய போறதை தோல்வின்னு நினைக்காத பிள்ளைக்குத்தான் இது. டிகிரி முடிஞ்சதும் ஒரு தடவை, பிஎச்டி முடிஞ்சதும் ஒரு தடவை, தொடரலாமா டேட்டா சயின்ஸ் பக்கம் போகலாமான்னு உக்காந்து பேசணும். போகணும்னா எஸ்.க்யூ.எல், கிட், கிளவுட் இதெல்லாம் சில மாசத்துல பிடிச்சுக்கலாம், ஆனா இந்தத் துறைக்காரங்க டேட்டாவுக்கு வச்சிருக்குற ரூட் மென்பொருளும் சி பிளஸ் பிளஸ்-ம் மட்டுமே போதும்னு இருந்துடாம பைத்தானையும் படிக்கும்போதே ஒழுங்கா கத்துக்கணும்.

காசு விஷயம். சார், வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கலாம்னு நீங்க மெதுவா சொன்னீங்க. வைக்கக் கூடாது. அந்த நாலு கோர்ஸுக்கும் கூடாது, பிசிக்ஸுக்கும் கூடாது. டிகிரிக்கு கணக்கும் லேபும் உருப்படியா இருக்குற, ஃபீஸ் குறைவான இடம் எதுவோ அது போதும், பேர் பெருசா இருக்கணும்னு இல்ல. பிசிக்ஸ் பிஎச்டின்னா நல்ல இடங்கள்ல அவங்கதான் உங்க பொண்ணுக்கு மாசம் உதவித்தொகை தருவாங்க, நீங்க கட்டணும்னு சொல்ற இடமா இருந்தா அங்க போக வேணாம். செர்ன்ல சம்மர் ஸ்டூடன்ட் புரோகிராம்னு ஒண்ணு இருக்கு, மூணு வருஷ காலேஜ் படிப்பு முடிச்சிருக்கணும், தேர்வானா தங்குற செலவுக்கும் பயணத்துக்கும் அவங்களே கொடுக்குறாங்க. நடுவுல ஏஜென்ட் யாராவது வாங்கித் தரேன்னு காசு கேட்டா எழுந்து வந்துடுங்க.

அம்மா, நீங்க ஒண்ணு கேட்டீங்க, இவளுக்கு இது நிஜமாவே பிடிக்குமா இல்ல வீடியோ பாத்து வந்த ஆசையான்னு. அன்னைக்கு வந்ததுலயே நல்ல கேள்வி அதுதான், ஆனா அதுக்கு பதில் சொல்ல வேண்டியது மாமாவும் இல்ல நானும் இல்ல. கருந்துளை வீடியோ பாக்க பிடிக்குறது வேற, நாள் முழுக்க ஒரு வரைபடத்துல ஒரு புள்ளி ஏன் தள்ளி நிக்குதுன்னு தேடுறது வேற. 2011-ல ஓபெரான்னு ஒரு சோதனையில நியூட்ரினோங்கற துகள் ஒளியை விட 60 நானோ செகண்ட் சீக்கிரம் வந்துடுச்சுன்னு வந்துச்சு, மாசக்கணக்குல தேடினப்புறம் பாத்தா முக்கிய காரணம் சரியா மாட்டாத ஒரு ஃபைபர் கேபிள். இந்த வேலையில பெரும்பாதி அந்த கேபிளைத் தேடுறதுதான். அது பிடிக்கலன்னா கோவிச்சுக்காம வேற படிப்பு பாக்கலாம்.

அதனால இது உனக்கும்மா. செர்ன் ஓப்பன் டேட்டா தளத்துக்கு போ, சி.எம்.எஸ் குழு கொடுத்த மியூவான் ஜோடி டேட்டா ஃபைல் ஒண்ணு இருக்கும் (மியூவான்ங்கறது எலக்ட்ரான் மாதிரியே, ஆனா கனமான துகள்), ஒரு லட்சம் மோதல், இலவசம், சாதாரண லேப்டாப் போதும். ஒவ்வொரு வரியிலயும் ரெண்டு மியூவானோட ஆற்றலும் உந்தமும் இருக்கும். ஆற்றலைக் கூட்டு, உந்தத்தை திசையோட கூட்டு, முதலாவதோட வர்க்கத்துல இருந்து ரெண்டாவதோட வர்க்கத்தைக் கழிச்சு வர்க்கமூலம் எடு, அதுதான் அந்த ஜோடியைப் பெத்த துகளோட நிறை. ஒரு லட்சத்தையும் ஒரே வரைபடமா போடு, ரெண்டு அச்சையும் லாக் அளவுல வை, அப்பதான் கண்ணுக்கு சரியா தெரியும். 3.1 ஜி.இ.வி-ல ஒரு ஊசி நிக்கும், அது 1974-ல கண்டுபிடிச்ச ஜே/சை. 9.5 பக்கத்துல ஒண்ணு, அது 1977-ல வந்த அப்சிலான். 91-ல அகலமா ஒரு மலை, அது இசட் போசான், 1983. யாரோட கோடையும் காப்பி பண்ணாம நீயே எழுது, ஒரு வாரம் ஆகட்டும், பத்து நாள் ஆகட்டும், தப்பு வந்தா ஏன் வந்துச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி வை.

சார், அந்த பத்து நாளைக்கு எந்த காலேஜுக்கும் அட்வான்ஸ் கட்டாதீங்க, மாமாவையும் போன் பண்ண வேணாம்னு சொல்லுங்க. படத்தையும் நோட்டையும் அவளே எடுத்துக்கிட்டு வரட்டும். இந்தத் தடவை முதல் அரை மணி நேரம் அவ மட்டும் பேசட்டும்.