ஐடியா வரவில்லை என்கிற பையன் கையில் ஒரு செம்பைக் கொடுங்கள்

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூ முடித்த மகன் டிசைன் படிக்கப் போகிறேன் என்கிறான், ஆனால் நாள் முழுக்க போனில் லோகோவும் போஸ்டருமாகப் பார்த்துவிட்டு "எனக்கு ஐடியாவே வரமாட்டேங்குது" என்று சோர்ந்துபோகிறான், இவனுக்கு இந்தத் துறை ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய டிசைனர்களின் வேலையைப் பார்ப்பதில் தவறே இல்லை. ஆனால் அவன் முடிந்த படத்தை மட்டும் பார்க்கிறான். அதைப் பார்த்தால் யாருக்கும் மலைப்புதான் வரும். அவர்கள் எப்படி யோசித்தார்கள் என்று தேடிப் படிக்கச் சொல்லுங்கள்.

அமெரிக்க டிசைனர் பவுலா ஷேரை எடுத்துக்கொள்வோம். 1998இல் சிட்டிகார்ப் வங்கியும் டிராவலர்ஸ் காப்பீட்டுக் குழுமமும் இணைந்தபோது, புதிய 'சிட்டி' லோகோவை ஒரு கூட்டத்தில் உட்கார்ந்தபடியே காகித நாப்கினில் கிறுக்கினார். கேட்க மாயம் போல இருக்கும். டிராவலர்ஸின் அடையாளம் சிவப்புக் குடை. 'சிட்டி' என்ற பெயரில் வரும் ஆங்கிலச் சின்ன 'டி'யின் அடிவளைவு அந்தக் குடையின் கைப்பிடி மாதிரியே இருந்தது. மேலே ஒரு வில் போட்டார், குடை வந்துவிட்டது. இரண்டும் ஏற்கெனவே கண்முன் இருந்தவைதான். அது சட்டென்று தெரிய, 1970களில் இசைத்தட்டு உறைகள் வடிவமைத்த நாள் முதலான உழைப்பு அவருக்குப் பின்னால் இருந்தது.

இன்னொரு இணையரைப் பற்றி அவன் கட்டாயம் படிக்க வேண்டும். அமெரிக்க டிசைனர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958இல் இந்திய அரசின் அழைப்பில் இங்கே வந்து ஓர் அறிக்கை எழுதினார்கள். அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம், அதாவது என்.ஐ.டி., தொடங்க அதுதான் அடிப்படை. இந்தியாவில் கண்ட பொருள்களில் அவர்கள் மிகவும் வியந்தது லோட்டாவை. நம் வீட்டுச் செம்புதான். அதை அழகு என்று புகழ்ந்ததோடு விடவில்லை, கேள்வியாக அடுக்கினார்கள். எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும்? தூக்குகிற கை எவ்வளவு பெரியது? தலையிலா, இடுப்பிலா, எதில் சுமப்பார்கள்? நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் எடை எங்கே நிற்கும்? ஊற்றும்போது நீர் எப்படி விழும்? உள்ளே கைவிட்டுத் தேய்க்க முடியுமா? இன்னொரு பாத்திரத்தில் பட்டால் என்ன ஓசை? என் மேசைக்கு வரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தப் பகுதியைச் சொல்லிவிடுகிறேன். ஐடியாவுக்காகக் காத்திருந்த பிள்ளை கேள்வி கேட்க ஆரம்பித்தால் கை தானாக வரையத் தொடங்கும்.

நம் ஊர்க்காரர் ஒருவரும் இருக்கிறார். 2010இல் ஏற்கப்பட்ட ரூபாய்க் குறியை வடிவமைத்த உதயகுமார், மும்பை ஐ.ஐ.டி.யில் தமிழ் எழுத்துருக்கள் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். தேவநாகரி 'ர'வும் ஆங்கில 'ஆரும்' சந்திக்கும் இடம் அவருக்குத் தெரிந்ததில் ஆச்சரியமே இல்லை. எழுத்துகளின் உடம்பை வருடக்கணக்கில் பார்த்த கண் அது.

சரி, இனி செய்ய வேண்டியது. என்.ஐ.டி. நுழைவுத்தேர்வு, ஐ.ஐ.டி.களில் டிசைன் படிக்க எழுதும் யூசீட் தேர்வு இரண்டையும் எந்தப் பாடப்பிரிவில் படித்தவரும் எழுதலாம். இரண்டிலும் உற்றுநோக்கும் திறனைச் சோதிப்பார்கள், வரையவும் வேண்டும். அதனால் ஒரு கோடில்லாத நோட்டு வாங்கிக் கொடுங்கள். தினம் ஒரு பொருள்: செம்பு, கேஸ் லைட்டர், பஸ்ஸின் ஊர்ப்பலகை, மாத்திரை அட்டை. இடது பக்கம் பத்துக் கேள்வி, வலது பக்கம் படம். அடித்தல் திருத்தல் எல்லாம் அப்படியே இருக்கட்டும், பக்கத்தைக் கிழிக்க வேண்டாம். போர்ட்ஃபோலியோவில், அதாவது ஒருவர் தன் வேலைகளைச் சேர்த்துக் காட்டும் தொகுப்பில், எனக்கு முதலில் பார்க்கப் பிடிப்பது அந்தக் கிறுக்கல்களைத்தான்.

படம் அழகாக இருக்கிறதா என்று மட்டும் நீங்கள் கேட்காதீர்கள். மாத்திரை அட்டையில் மருந்தின் பெயரைப் படிக்கப் பாட்டி ஏன் சிரமப்படுகிறார் என்று கேளுங்கள். ஒரு மாதம் கழித்து அந்த நோட்டோடு அவனை அழைத்து வாருங்கள். எந்தக் கல்லூரி என்று அப்போது உட்கார்ந்து பேசலாம்.