அலுவலகம் முடிந்து வரும்வரை பூனைக்குட்டி தனியாக இருக்கலாமா?

வேளச்சேரி அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் வாசகி ஒருவர், தானும் கணவரும் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால் மாலை ஆறரைக்குத்தான் திரும்புவதாகவும், தரகரிடம் வாங்கிய 'இரண்டு மாத' பெர்சியன் குட்டியை அதுவரை தனியே விடலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

இப்போதைக்கு விடக் கூடாது. மூன்று மாதம் முடியும்வரை இரண்டு, மூன்று மணி நேரமே அதிகம். நான்காவது மாதத்தில் அரைநாள் தாங்கும். ஆறு மாதமானபின் பகல் முழுவதையும் தூங்கியே கழித்துவிடும். இரண்டு மாத வயதில் அதற்கு நாளொன்றுக்கு நான்கு வேளை உணவு வேண்டும். ஒன்பது மணி நேரம் பட்டினி கிடந்தால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கித் துவண்டுவிடக்கூடும். பகலில் இரண்டு, மூன்று மணிக்கொருமுறை ஒருவர் வந்து பார்த்து, நடுப்பகலில் உணவும் தண்ணீரும் வைத்து, சற்று நேரம் விளையாடிவிட்டுப் போனால் போதும். அது பக்கத்து வீட்டுப் பாட்டியாகவும் இருக்கலாம். பசும்பால் மட்டும் வேண்டாம். வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும்.

அதற்கு முன், குட்டிக்கு உண்மையிலேயே இரண்டு மாதம்தானா என்று பாருங்கள். தாயிடம் பால் குடிக்கும் குட்டியைப் பிரித்து, வயதைக் கூட்டிச் சொல்லி விற்பது தரகர்களின் வாடிக்கை. சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள்: எட்டு வாரக் குட்டி ஏறத்தாழ 800 கிராம் இருக்கும். 500 கிராமைக்கூடத் தொடவில்லையென்றால், ஒன்று அது வயதில் சிறியது, அல்லது சரியான தீனி கிடைக்காதது. இரண்டிலும் தனியே விட இடமில்லை. தடுப்பூசி அட்டையையும் பிரித்துப் பாருங்கள். மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சீட்டும், மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இல்லாத அட்டை வெறும் காகிதம். மூன்று, நான்கு வார இடைவெளியில் போட வேண்டிய ஊசிகள் மூன்றும் இரண்டு மாதத்துக்குள் முடிந்துவிட்டதாக எழுதியிருந்தால், அது பொய். செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும் என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, பேருந்து நிலையத்தில் அட்டைப்பெட்டியோடு கைமாற்றுபவரை எந்த அதிகாரி போய்ப் பிடிக்கிறார்?

இதே தரகர், 'துணைக்கு இன்னொன்று வாங்கிக்கொள்ளுங்கள்' என்பார். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகள் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து வளர்ந்தால் ஏக்கம் பெருமளவு குறையும் என்பது உண்மைதான். ஆனால், வேறு இடத்துக் குட்டியைப் பிறகு கொண்டுவந்து சேர்ப்பது அதுவாகாது. அது சீதபேதியையும் பேனையும், உயிரைக் குடிக்கும் பார்வோ வகை வைரஸ் தொற்றையும் கூடவே கொண்டுவரலாம் என்பதால், இரண்டு வாரமாவது தனி அறையில் வைத்தாக வேண்டும். அந்த இரண்டு வாரமும் உங்களிடம் இருப்பது துணையில்லாத இரண்டு தனிக்குட்டிகள். உடன்பிறந்தவையே ஆனாலும் ஏக்கம்தான் குறையுமே தவிர, மதியப் பசி இரட்டிப்பாகும்.

குட்டியை விட்டுச் செல்லும் அறையில் பால்கனிக் கதவு மூடியிருக்கட்டும். அந்துருண்டையும் பாராசிட்டமால் மாத்திரையும் அதன் கண்ணிலேயே படக் கூடாது. தையல் நூல் எல்லாவற்றையும்விட மோசம். வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தொங்கினால் பிடித்து இழுக்காதீர்கள். மறுமுனை நாக்கின் அடியிலோ குடலிலோ சிக்கியிருக்கலாம், இழுத்தால் குடலை அறுத்துவிடும். அப்படியே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.