கப்பலில் ஓடுவது – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கமுங்க. திருப்பூரில் சின்னதாகப் பனியன் கம்பெனி நடத்துகிறேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து எட்டு மாதமாகக் காலை 5 மணிக்கு எழுந்து 5 கிலோமீட்டர் ஓடுகிறேன். அடுத்த மாதம் மச்சினன் குடும்பத்தோடு சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் கப்பலில் நான்கு இரவு. “கப்பல்ல எங்கீங்க மாப்ள ஓடுவீங்க, கடல்லயா?” என்று மாமனார் சிரிக்கிறார். போன தீபாவளிக்கு நான்கு நாள் விட்டேன், திரும்பப் பிடிக்க ஒரு மாதம் ஆனது. அதுதான் பயமுங்க. நீங்கள் அப்படிப் போயிருக்கிறீர்களா?

– ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

போயிருக்கிறேன், ஏறக்குறைய இதே வழிதான். மாமனாரிடம் சொல்லுங்கள், பெரிய கப்பல்களில் ஓடுவதற்கென்றே மேல்தளத்தில் தடம் போட்டு வைத்திருப்பார்கள். எத்தனை சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்று பலகையும் இருக்கும். நான் போன கப்பலில் ஒரு சுற்று 200 மீட்டர் சொச்சம். உங்கள் 5 கிலோமீட்டருக்கு 25 சுற்று. கோபியில் கீழ்பவானி வாய்க்கால் மேட்டில் நேராக ஓடிப் பழகியவன் நான். ஏழாவது சுற்றிலேயே செக்குமாடு ஞாபகம் வந்துவிட்டது.

முதல் நாள் அரை மணி நேரம் ஓடிவிட்டு வாட்சைப் பார்த்தால் 17 கிலோமீட்டருக்குக் கிட்டக் காட்டியது. என் சம்சாரம் அதைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட, ஊரிலிருந்து வாழ்த்து வேறு. ஜிபிஎஸ்ஸுக்கு நீங்கள் ஓடுவதும் கப்பல் ஓடுவதும் ஒன்றுதான். 18 நாட் வேகத்தில் போகும் கப்பல் மணிக்கு 33 கிலோமீட்டர் போகிறது, அதில் நின்றுகொண்டிருந்தாலும் வாட்ச் ஓடும். ட்ரெட்மில்லுக்கான இன்டோர் கணக்கில் வையுங்கள், இல்லை கழற்றிவிடுங்கள். நான் கழற்றிவிட்டேன். அங்கே தூரத்தைப் பிடித்துத் தொங்குவதில் அர்த்தமில்லை. 25 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், எத்தனை சுற்று வந்தாலும் சரி.

காற்றும் அப்படித்தான். கடல் அசையாமல் கிடந்தாலும் கப்பலின் வேகமே காற்றாக முகத்தில் அடிக்கும். கப்பலின் மூக்குப் பக்கம் ஓடும்போது உங்கள் வேகமும் சேர்ந்து 40 கிலோமீட்டரைத் தாண்டும். திரும்பினால் முதுகில் கை வைத்துத் தள்ளும். ஆடி மாதம் உடுமலைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் ஓடியிருந்தால் உங்களுக்கு இது புதிதில்லை.

எப்போது ஓடுவது என்பதில்தான் நான் ஏமாந்தேன். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். திருப்பூரில் 5 மணிக்கு விழிக்கும் உடம்பு அங்கே ஏழரைக்கு விழிக்கும். அதற்குள் காலைச் சாப்பாட்டுக் கூட்டம் மேலே வந்துவிடும். சரி, முன்னாலேயே போகலாம் என்று அலாரம் வைத்து இருட்டில் ஏறினேன். அங்கே விடிவதே 7 மணி சுமாருக்கு. ஒரு பையன் ஹோஸ் பிடித்துத் தளத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் கையைக் காட்டித் தடுத்ததை நான் வணக்கம் என்று எடுத்துக்கொண்டு, திருப்பத்தில் வழுக்கி முட்டியைத் தேய்த்துக்கொண்டேன். சோப்புத் தண்ணீர் வேறு, எரிச்சல் சாயங்காலம் வரை போகவில்லை. அப்புறம் மாலை ஆறரைக்கு மாறினேன். எல்லோரும் சாப்பாட்டுக்கும் ஷோவுக்கும் கீழே இறங்கிவிடுவார்கள், தளமே காலி. சூரியன் அப்போதுதான் கடலில் இறங்கிக்கொண்டிருக்கும்.

ஜிம்மும் இருக்கும். ஆனால் பல கப்பல்களில் அது முன்கோடியில், உயரத்தில். ஆட்டம் அதிகம் தெரிகிற இடமே அதுதான். கப்பல் மூக்கைத் தூக்கினால் ட்ரெட்மில் மேடாகும், இறக்கினால் பள்ளமாகும். மழை பெய்தால் மட்டும் போங்கள், கைப்பிடி பக்கத்திலேயே இருக்கட்டும்.

பினாங்கில் இறங்கினால் ஓடுங்கள். கப்பல் நிற்கும் ஜார்ஜ் டவுன் துறையை ஒட்டியே கார்ன்வாலிஸ் கோட்டையும் கடலோர நடைபாதையும் இருக்கின்றன. கொஞ்சம் உள்ளே போனால் குயின் தெருவில் 1833-இல் கட்டிய மாரியம்மன் கோவில், சுற்றிலும் நம் ஊர்க் கடைகள். புக்கெட்டில் வேண்டாம். அங்கே பல கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் போட்டுப் படகில்தான் கரைக்கு விடுவார்கள். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். செல்போன் தானாக அந்த நேரத்துக்கு மாறிவிடும், கப்பல் பெரும்பாலும் சிங்கப்பூர் நேரத்திலேயே இருக்கும். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று இளநீர் குடித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

நான்கு நாள் அடியோடு ஓடாமல் இருந்தாலும் உடம்பு பெரிதாக எதையும் இழக்காது. இரண்டு வாரம் போல விட்டால்தான் மூச்சு வாங்குவது தெரியும். தீபாவளியில் உங்களுக்கு விட்டுப்போனது எழுந்து ஷூவை மாட்டும் பழக்கம்தான். அதனால் ஓடாத நாளிலும் மாட்டிக்கொண்டு, லிப்டில் ஏறாமல் படியில் ஏறி இறங்குங்கள். சாப்பாட்டுக் கூடம் நாள் முழுக்கக் கூப்பிடும், அதைப் பற்றி உங்கள் டாக்டரே பேசட்டும்.

ஒன்று மட்டும். ஷூவைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், காலில் போட்டுக்கொண்டே ஏறுங்கள். பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். எனக்கு அது அறைக்கு வந்து சேரும்போது ராத்திரி 8 மணி.